மனமகிழ் மன்றமும் மலைநாட்டு மன்றும்



சென்ற தைத்திங்களிற் சமவெளி நகரொன்றில் வாணிகஞ் செய்து பொருளீட்டிவரும் என் தங்கை மகன், குண்டனி நாட்டிலுள்ள எம் இல்லத்திற்குப் போந்தனன். உணவு கொண்டு அளவளாவியிருந்த பொழுது, "மாமா, அங்கே பெரிய மனிதர்கள் கூடும் மனமகிழ் மன்றம் ஒன்றில் என்னைச் சேர்த்துக்கொள்ள இருவர் முன்மொழிந்திருக்கிறார்கள். சேர்வுக் கட்டணமோ மிகப் பெரிது. சேரலாமா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள்" என்று வினவினன். அவன் முகத்தில் உவகையும் அச்சமும் ஒருங்கு தோன்றின. நம் மலையிற் பிறந்தானொருவனுக்கு அத்தகைய வாயில் திறப்பது சிறிய செய்தியன்று. ஆயினும் காணாத பொருளைப்பற்றி விடையிறுத்தல் ஆசிரியற்கு அழகன்றாகலின், "இடத்தைக் கண்டபின் கூறுவேன்" என்றேன்.

அடுத்த திங்களில் அவன் அழைப்பின்படி அங்குச் சென்றேன். அவன் வருதற்குச் சிறிது காலந் தாழ்ந்தது. யான் வெள்ளை வேட்டியும் சட்டையும் உடுத்து வாயிலில் நின்றேன். அலுவலர் ஒருவர் வந்து என் ஊரை வினவினார். "கொல்லிமலை, குண்டனி நாடு" என்றேன். அவர் கடுஞ்சொல் ஒன்றுங் கூறிற்றிலர். கைகாட்டி ஒரு பலகையில் அமரச் செய்து சென்றனர். சிறிது நேரங் கழித்தே அறிந்தேன், அஃது உறுப்பினரின் வண்டியோட்டிகள் காத்திருக்கும் பலகையென்பது. அவ்வண்டியோட்டிகள் எனக்கு இடம் விட்டு, தேநீரும் வாங்கித் தந்தனர். அவர்கள் நடுவிருந்ததில் எனக்கு இழுக்கு ஒன்றுமில்லை. என்னை அங்கு அமர்த்தியவர் கருத்தே என் நெஞ்சை உறுத்தியது. மருமகன் வந்து கண்டபொழுது அவன் முகங் கருத்தது. அன்றிரவு வீடு திரும்பியும் எனக்குத் துயில் வந்திலது. ஆகலின் இம் மன்றங்களின் வரலாற்றை ஆராயப் புகுந்தேன். ஆராய்ந்தவற்றுள் நம்மவர் அறியத்தக்கவற்றைக் கீழே கூறுகின்றேன்.

முதற்கண் சொல்லாராய்ச்சி செய்வாம். மன்றம் என்பது மன்று என்னுஞ் சொல்லின் விரி. மன்று என்பது ஊர்ப்பொதுவிடம். பெரும்பாலும் ஆலோ வேம்போ நிழல் செய்யும் மேடை. பொதியில் என்பதும் பொது இல் என்று விரியும். சங்கச் செய்யுட்களில் வரும் மன்றங்கள் வழிப்போக்கரும் பாணரும் வந்து தங்கும் இடங்களாகவே காணப்படுகின்றன. எனவே 'தனியார் மன்றம்' என்பது 'தனியார் பொதுவிடம்' என்பதுபோல் முரணுடைய தொடராம். கழகம் என்னுஞ் சொல்லோ இன்னும் வியப்புடைத்து. இன்று கற்றோர் அவையையும் கட்சிகளையுங் குறிக்கும் அச்சொல்லைத் திருவள்ளுவனார் சூது என்னும் அதிகாரத்திற் சூதாடுமிடம் என்னும் பொருளில் ஆண்டுள்ளார். சீட்டாட்ட அறை இல்லாத மனமகிழ் மன்றம் அரிதாகலின், பழைய பொருளே அவற்றிற்குப் பொருந்துமென்று நகைப்பாரும் உளர்.

கிளப்பு என்னும் ஆங்கிலச்சொல் நம் நாட்டிற் காப்பிக் கடைக்கும் பெயராயிற்று என்பதை நம் முதியோர் அறிவர். 'காப்பி கிளப்பு' என்று பலகை தொங்கிய உண்டிச்சாலைகள் பலவற்றில் ஒரு வகுப்பார்க்குத் தனியிடம் வகுக்கப்பட்டிருந்தது. அத்தகைய பெயர்ப்பலகையை எதிர்த்து 1957-ஆம் ஆண்டு சென்னைத் திருவல்லிக்கேணியில் முரளி கபே என்னும் உண்டிச்சாலையின் முன்னர்ப் பெரியார் கிளர்ச்சி நடத்தியது பலரும் அறிந்ததே. பெயர் எங்குச் சென்றதோ ஆங்குக் கதவும் உடன்சென்றது போலும்!

நிற்க. இந்நாட்டில் இம் மன்றங்களை நிறுவினோர் ஆங்கிலேயரே. கல்கத்தாவில் வங்காள மன்றம் 1827-இலும், சென்னை மன்றம் 1832-இலும் தோன்றின. சென்னை மன்றம் மவுண்டு சாலையையொட்டிப் பெரிய மாளிகையும் பரந்த தோட்டமும் உடையதாயிருந்தது. உதகமண்டலத்து மன்றம் 1840-களில் தொடங்கிற்று. மேசைக்கோற் பந்தாட்டத்துள் 'சுனூக்கர்' என்னும் வகைக்கு 1882-இல் விதி வகுக்கப்பட்டது அம்மன்றத்திலேயே என்பர். அடையாற்று மன்றம் 1890-இல் மகளிர்க்கும் இடந்தந்து எழுந்தது. இவற்றிலெல்லாம் நம் நாட்டார் சமையற்காரராகவும் பந்து பொறுக்குவோராகவும் உட்புகுந்தனரேயன்றி, உறுப்பினராகப் புகுந்திலர். வங்காள மன்றம் நம்மவரை உறுப்பினராகக் கொண்டது 1959-இலேயாம். சென்னை மன்றமும் அடையாற்று மன்றமும் 1963-இல் ஒன்றாயின. நாடு விடுதலை பெற்றது 1947. அவற்றின் கதவு விடுதலை பெற்றதோ பத்தாண்டுக்கு மேலுஞ் சென்றபின்.

உறுப்பினரைத் தேரும் முறையும் அறியத்தக்கது. சேர விரும்புவானை ஒருவர் முன்மொழிதல் வேண்டும். ஒருவர் வழிமொழிதல் வேண்டும். அவன் பெயர் பலகையில் எழுதி ஒட்டப்படும். பின்னர் உறுப்பினர் மறைவாக ஒரு பெட்டியில் உருண்டை இடுவர். வெள்ளுருண்டை இசைவு, கருவுருண்டை மறுப்பு. பல மன்றங்களில் ஒரு கருவுருண்டையோ மிகச் சிலவோ வீழ்ந்தாற் போதும்; அவன் விலக்கப்பட்டான். இட்டவர் யாரென்பதும் இட்ட காரணமும் வெளிப்படா. காரணங் கூறாது மறுப்பதே இம்முறையின் உயிர். காரணங் கூறவேண்டின் நாணவேண்டி வருமன்றோ?

இதனை நம் நாட்டுக் குடவோலை முறையொடு ஒப்பிடுக. உத்திரமேரூர்க் கல்வெட்டு முதலாம் பராந்தக சோழன் காலத்தது. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சார்ந்தது. குடும்புதோறும் தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒன்றும் அறியாச் சிறுவனைக்கொண்டு எடுப்பித்தனர். கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலம், தன் மனையிற் கட்டிய இல்லம், 35-க்கு மேல் 70-க்குட்பட்ட அகவை, மறைப்பயிற்சி முதலியன வேண்டுமென்றும், முன் வாரியஞ்செய்து கணக்குக் காட்டாதாரும் அவர் உறவினரும் ஆகாரென்றும் விதி காண்கின்றோம். அஃது ஓர் அந்தணர் ஊர். நிலமில்லாரும் ஏனை வகுப்பாரும் அக்குடத்தின் அருகும் சென்றிலர். ஆகவே அதனை முற்றும் புகழ்தல் வரலாற்றுக்கு ஒவ்வாது. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. யார் தகுதியுடையார், யார் இலர் என்பதைக் கல்லில் வெட்டி யாவருங் காண நாட்டினர் சோழநாட்டார். மன்றத்தாரோ பெட்டிக்குள் மறைத்தனர்.

இனி, கதவடைக்கப்பட்டோர் செய்தது யாது? அவர்கள் தமக்கென வேறு கதவு அமைத்தனர். இதுவே இவ்வரலாற்றில் மிக ஆழ்ந்து நோக்கத்தக்க பகுதி.

சென்னையில் 1873-இல் இந்தியரும் ஆங்கிலேயரும் கலந்து பழகும்பொருட்டுக் காசுமாபாலிட்டன் மன்றம் எழுந்தது. கல்கத்தாவில், அரசப்பிரதிநிதி மிண்டோ பிரபு பெருந்தொழிலதிபராகிய இராசேந்திரநாத முகர்சியை வங்காள மன்றத்திற்கு விருந்திற்கு அழைத்தாரென்றும், இந்தியரென்பதால் ஆங்கு இடமில்லையென மறுக்கப்பட்டதென்றும், அவ்விழிவினின்று 1907-இல் கல்கத்தா மன்றம் பிறந்ததென்றும் வழிவழிக் கூறுவர். பம்பாயில் வில்லிங்டன் பிரபு ஆளுநராயிருந்தபொழுது இருதிறத்தாரும் புகத்தக்க மன்றமொன்று 1918-இல் நிறுவப்பட்டது. இவையெல்லாம் நற்செயல்களே. ஆயின் இழிவினின்று பிறந்த அக் கல்கத்தா மன்றம், பெண்டிரை உறுப்பினராகக் கொள்ள 2007-ஆம் ஆண்டுவரை, அஃதாவது நூறாண்டுகள், இசைந்திலது! தான் பட்ட துன்பத்தைப் பிறர்க்குச் செய்யாமை அத்துணை அரிது போலும்.

அமெரிக்க நாட்டிலும் இதுவே காண்கின்றோம். நகர்ப்புறத்திற்கு அப்பாற் பரந்த புற்றரையும் பந்தாடு களமும் அமைத்து ஆங்குச் செல்வர் கூடும் நாட்டுப்புற மன்றம் மசாச்சுசெட்சு மாநிலத்துப் புரூக்லைனில் 1882-இல் தொடங்கிற்று. பின்னர்ப் பல்கிய அத்தகைய மன்றங்கள் பல யூதரையும் கறுப்பினத்தாரையும் விலக்கின. விலக்குண்ட யூதர் தமக்கென மன்றங்கண்டனர். கண்டபின், செருமானிய நாட்டினின்று முற்குடியேறிய யூதர், கிழக்கு ஐரோப்பாவினின்று பின்வந்த யூதரைத் தம் மன்றங்களிற் சேர்க்க மறுத்தனர். சியார்சியா மாநிலத்து அகசுட்டா மன்றம் கறுப்பினத்தார் ஒருவரை முதன்முதல் உறுப்பினராக ஏற்றது 1990-இல். பெண்டிரை ஏற்றது 2012-இல். காலம் எவ்வளவு மெல்ல நடக்கின்றது காண்மின்!

நம் நாட்டிற் பந்தாட்டக்காரர் பல்வங்கர் பாலு என்பார் வரலாறு கண்ணீர் வருவிப்பது. தாழ்த்தப்பட்ட வகுப்பிற் பிறந்த அவர், புனா நகரத்து ஐரோப்பியர் மன்றத்தில் ஆடுகளத்தைச் செப்பஞ்செய்யும் ஏவலாளராயிருந்து, ஆங்கிலேயர்க்குப் பந்தெறிந்தே அவ்வித்தையில் வல்லவரானார். அவர் திறங்கண்ட புனா இந்துக்கள் தம் அணியிற் சேர்த்தனர். ஆடுகளத்தில் அவர் தொட்ட பந்தை யாவருந் தொட்டனர். இடைவேளையிலோ அவருக்குத் தேநீர் புறத்தே மட்கலத்தில் ஈந்தனர். 1911-இல் இங்கிலாந்து சென்று நூற்றுக்கு மேற்பட்ட இலக்குகளை வீழ்த்தி மீண்டவர் அவர். ஐரோப்பியர் தமக்குச் செய்ததை வெறுத்த இந்துக்களே இவர்க்கு அதனைச் செய்தனர் என்பதை நினைந்துகொள்க.

அண்மைக் காலத்திற்கு வருவாம். 2014-ஆம் ஆண்டு சூலைத்திங்களிற் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் அவர்கள், சேப்பாக்கத்துத் தமிழ்நாடு கிரிக்கெட்டுச் சங்கத்தின் மன்றத்தில் நிகழ்ந்த நூல் வெளியீட்டிற்கு வேட்டி உடுத்துச் சென்றமையால் வாயிலிலே தடுக்கப்பட்டனர். தமிழ்நாட்டின் தலைநகரில் தமிழர் உடைக்கு இடமில்லையா என்று நாடெங்கும் வினா எழுந்தது. அடுத்த திங்களிலேயே சட்டமன்றம், மன்றங்களும் சங்கங்களும் வேட்டியுடுத்தாரைத் தடுத்தலாகாதென்றும், தடுப்பின் ஓராண்டுவரை சிறையும் 25,000 உருபா வரை தண்டமும் உண்டென்றும் சட்டஞ் செய்தது. வேட்டி வென்றது, யானும் வேட்டியோடு தடையின்றி வாயில் கடந்தேன். ஆயின் வண்டியோட்டிகளின் பலகையை எந்தச் சட்டம் அகற்றும்?

சட்டத்தின் நிலையையும் சுருங்கக் கூறுதும். அரசியலமைப்பின் 15-ஆம் உறுப்பு கடைகளிலும், பொது உண்டிச்சாலைகளிலும், பொதுக் களியாட்ட இடங்களிலும், கிணறு குளங்களிலும் பிறப்புப்பற்றி ஒருவரைத் தடுத்தலாகாதென விதிக்கின்றது. 17-ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. 19-ஆம் உறுப்போ குடிமக்கள் சங்கங்கள் அமைத்துக்கொள்ளும் உரிமையை நல்குகின்றது. ஒரு வகுப்பார் தமக்குள் அமைத்த வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம் உறுப்பினரை அவ்வகுப்பாரோடு வரையறுத்தல் செல்லுமென உச்சநீதிமன்றம் 2005-இல் தீர்ப்பளித்தது. ஆகவே, அன்பர்காள், செல்வர் மன்றத்தின் கதவைக் காக்கும் அவ்வுரிமையே நம் சங்கத்தின் கதவையுங் காக்கின்றது. அவர்களை நாம் நோக்கும் கண்ணால் நம்மை நோக்கும் பிறரும் உளர் என்பதை மறவற்க.

இனி நம் மலைக்கு வருவாம். சேர்வராயன் மலையில் 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளிற் சேலம் ஆட்சியர் காக்பர்ன் என்பார் காப்பிப் பயிரைக் கொணர்ந்தார். அதன்பின் ஏற்காட்டில் தோட்டங்களும் மாளிகைகளும் வெள்ளையர் மன்றமும் வந்தன. நம் உறவின்முறையார் தம் மண்ணிலேயே கூலியாளராயினர். நம் கொல்லிமலை காய்ச்சல் நிலமென்று பேர்பெற்றிருந்தமையால் வெள்ளையர் இங்குக் குடியேற அஞ்சினர். நம் முன்னோரைக் கொன்ற காய்ச்சலே நம் நிலத்தையுங் காத்ததென்பது கசப்பான உண்மை. இன்றோ காய்ச்சல் அடங்கிற்று. காரவள்ளியினின்று 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து வண்டிகள் நாடோறும் வருகின்றன. விடுதிகள் எழுகின்றன. நாளை வேலியிட்ட மனமகிழ் மன்றங்களும் எழலாம். அவற்றில் நாம் உறுப்பினராவோமா, வாயில்காப்போராவோமா என்பது நம் மக்களின் கல்வியைப் பொறுத்தது.

நம் பதினான்கு நாடுகளிலும் நாட்டுக்கூட்டம் என்னும் பழைய மன்று உண்டு. வழக்கைத் தீர்த்தலும், திருவிழா நாட்குறித்தலும், முறைதவறினாரைத் தண்டித்தலும் அதன் பணி. தண்டம் செலுத்தினாரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும் வழியும் அதில் இருந்தது. காஞ்சியினின்று போந்த உடன்பிறந்தார் வழியினர் நாம் என்று நம் முதியோர் கூறுவர். வந்தேறியவராக இம்மலைக்கு வந்து இடம்பெற்றோம் என்று நாமே பெருமையுடன் கூறும் கதை அது என்பதையும் எண்ணுக.

இம்மலையை ஆண்ட வல்வில் ஓரியைப் பாடிய வன்பரணர் கூறும் நிகழ்ச்சியொன்று உண்டு. காட்டில் வேட்டையாடிய ஒருவன், வழியில் வந்த பாணர் கூட்டத்திற்கு ஊனும் பொன்னும் வழங்கினான். தன் பெயரைக் கூறிற்றிலன். அவர்கள் எந்நாட்டார், எக்குடியார், யார் முன்மொழிந்து வந்தார் என்று அவன் வினவியதாகவும் செய்யுள் கூறிற்றிலது. அவன் ஓரியே என்பதைப் புலவர் உய்த்துணர்ந்தார். ஆண்டுதோறும் ஆடியில் அரசினர் ஓரிக்கு விழா எடுக்கின்றனர்; நாமும் மாலையிடுகின்றோம்.

இவ்விடத்தில் யான் ஒன்றை மறையாது கூறல் வேண்டும். மூன்றாண்டுகளுக்கு முன் நம் சங்கப் படிப்பகத்தின் பொறுப்பு என்பால் இருந்தது. மிளகு பறிக்கும் பருவத்திற் சமவெளியினின்று கூலிக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பத்துப் பையனொருவன், என் மாணாக்கன், ஒன்பதாம் வகுப்பினன், ஒருநாள் மாலை வந்து, "அய்யா, பரீட்சைப் புத்தகம் இங்கே உட்கார்ந்து படித்துக்கொள்ளலாமா?" என்று கேட்டனன். யான் சுவரில் இருந்த பலகையைக் காட்டினேன். 'உறுப்பினர் குடும்பத்தார்க்கு மட்டும்' என்பது அதன் வாசகம், எழுதியவன் யானே. "சரிங்க அய்யா" என்று அவன் அகன்றனன். பின் ஒருநாளும் கேட்டிலன். அன்றிரவு யான் நன்றாகவே துயின்றேன். வண்டியோட்டிகளின் பலகையில் அமர்ந்த பின்னரே அவன் முகம் என் நினைவிற்கு வந்தது. காரணங் கூறாது கருவுருண்டை இடுவாரினும் யான் எவ்வாற்றான் உயர்ந்தவன்?

"நமக்கென்று உள்ளது இஃது ஒன்றே. இதனையுந் திறந்துவிடின், வலியார் புகுந்து நம்மைப் புறந்தள்ளுவரே" என்று பெரியோர் கூறுவர். அதனை யான் எளிதாகத் தள்ளேன். எளியார் தம் பயிரைக் காக்க இடும் வேலியும், வலியார் பிறரைத் தள்ள எழுப்பும் மதிலும் ஒன்றல்ல. நம் மக்களைப் பழங்குடிப் பட்டியலில் வைத்து அரசினர் நல்கும் காப்பும், நம் நிலம் பிறர்கைப் போகாது காத்தலும் வேலியே, அவை வேண்டற்பாலன. சங்கத்தின் வாக்குரிமையும் நிதியும் நிர்வாகமும் உறுப்பினர்பால் இருத்தலும் முறையே. ஆயின் படிக்கும் பலகையும், விளக்கொளியும், குடிநீரும் வேலிக்குள் அடங்கா. அந்தச் சிறுவன் உட்கார்ந்தால் நம் பிள்ளைகளின் எழுத்து ஒன்றுங் குறையாது.

ஆதலின் வரும் பொதுக்குழுவில் யான் ஒரு தீர்மானம் கொணரக் கருதியுள்ளேன். நம் படிப்பகமும், மாலை வகுப்பும் குண்டனி நாட்டில் வாழும் எல்லாப் பிள்ளைகட்கும் வகுப்பு வேறுபாடின்றித் திறந்திருத்தல் வேண்டும். யாரையேனும் மறுக்க நேரின் காரணத்தை ஏட்டில் எழுதி, மறுக்கப்பட்டார்க்குப் படித்துக் காட்டல் வேண்டும். இவ்விரண்டே யான் வேண்டுவன. மாறுபடுவோர் இவ்விதழிலேயே தம் கருத்தை எழுதுக. யான் பணிவுடன் கற்றுக்கொள்வேன்.

மருமகனுக்கு யான் சொன்ன விடையையுங் கூறி முடிக்கின்றேன். "சேர்தலும் தவிர்தலும் உன் விருப்பம், தம்பி. பொருளுக்கேற்ற பயனும் ஆங்கிருக்கலாம். வாணிகத்திற்குப் பெரியோர் நட்பு வேண்டுவதே. ஆயின் சேருமுன் மூன்று கேள்விகளை உன்னையே கேட்டுக்கொள். உன் தாயை அங்கு அழைத்துச்செல்ல உனக்குக் கூச்சம் இராதா? நாளை நம் மலையிலிருந்து மற்றொருவன் வந்தால் அவனை முன்மொழிவாயா? அவன்மேற் கருவுருண்டை விழுந்தால் எழுந்து காரணங் கேட்பாயா?" என்றேன். அவன் நெடுநேரம் பேசிற்றிலன். பின்னர், "அம்மாவை அழைத்துப்போனால் எந்த இடத்தில் உட்காரவைப்பார்கள் என்று எனக்கே தெரியவில்லை, மாமா" என்றான். இன்னும் அவன் கட்டணஞ் செலுத்தவில்லை; செலுத்தேனென்றும் கூறவில்லை.

படிப்பகத்துச் சுவரிலிருந்த பலகையை யான் இதுவரை கழற்றினேனல்லேன். அதனைக் கழற்றும் உரிமை பொதுக்குழுவினுடையது. அந்தப் பையன் இவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கின்றான். தேர்வு பங்குனியில். உறுப்பினர் யாவரும் பொதுக்குழுவிற்குத் தவறாது வருக.